பெயரில்லாத இலை

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. சுங்கைப் பட்டாணியில் உள்ள அந்த வீட்டில் முன்னோர்களுக்குப் படையல் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா, மறைந்தவர்களின் படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்தார். பாட்டி, படங்களின் முன் வாழை இலைகளை வரிசையாக விரித்தார். படங்கள் மூன்றுதான், இலைகளோ நான்கு.

“பாட்டி, இந்த நான்காவது இலை யாருக்கு?” என்று கேட்டாள், இரண்டாம் படிவத்தில் பயிலும் பேத்தி.

“உன் தாத்தாவின் தாத்தாவுக்கு அம்மா. அவருக்குப் படம் இல்லை. என் மாமியார் ஆண்டு தவறாமல் இந்த இலையைப் போட்டார். அவருக்குப் பிறகு நானும் போடுகிறேன்.”

“அவர் பெயர் என்ன?”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. “மாமியார் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை” என்றார்.

அப்பாவுக்கும் அது ஒரு குறையாகவே இருந்தது. ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் தர்ப்பணம் கொடுக்கும்போது தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்ல வேண்டும். குருக்கள் கேட்கும்போது அவர் இரண்டு பெயர்களைச் சொல்வார். மூன்றாவது பெயர் வரும்போது தலைகுனிந்து நிற்பார்.

தமிழர்களிடையே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மலேசியாவில் அடையாள அட்டையில் ஒருவரின் பெயரோடு அவருடைய தந்தையின் பெயர் மட்டுமே இருக்கும். தலைமுறை மாறும்போது பெயரும் மாறிவிடும். ஆகவே, வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் பூட்டனின் பெயர் மறைந்துபோகும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர்களுள் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தங்கள் கதையை அவர்கள் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய கதைகளை அறிந்த அண்டை அயலாரும் திசைக்கொருவராகப் பிரிந்தனர்.

பேத்தி சும்மா இருக்கவில்லை. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. தாத்தாவின் பழைய பத்திரத்தில் அவருடைய தந்தையின் பெயர் இருந்தது. ஒவ்வொரு பத்திரமும் அவளை ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிட்டது. அதற்கு மேல் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. இனி மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

தாத்தாவின் அக்கா தைப்பிங்கில் இருந்தார். தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அத்தைப் பாட்டியைப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தினர் சென்று பார்த்தனர். பேத்தி அவர் அருகில் அமர்ந்து, நான்காவது இலையைப் பற்றிச் சொன்னாள்.

“அவரா? ஜப்பான்காரர் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை, கண்ணு. எந்த நாளில் இறந்தார் என்றுகூடத் தெரியாது” என்றார் அத்தைப் பாட்டி.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரயில் பாதை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையான தமிழர்கள் அங்கு கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் பல்லாயிரம் பேர் மாண்டனர்.

“அவர் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா?”

“அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே! போர் முடிந்த பிறகு உன் தாத்தா பிறந்தார். திரும்பி வராதவரின் பெயரையே என் அப்பா தம்பிக்கு வைத்தார். ஆனால், மாமனாரின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் என் அம்மா தம்பியைக் கடைசிவரை ‘சின்னவனே’ என்றுதான் கூப்பிட்டார்.”

பேத்தி வியந்து போனாள். தேடிய பெயர் தாத்தாவின் அடையாள அட்டையிலேயே இருந்திருக்கிறது! பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அச்சொல்லே பேச்சு வழக்கில் ‘பேரன்’ ஆயிற்று. மாமியார் அப்பெயரை மறந்ததால் சொல்லாமல் இருக்கவில்லை, மதிப்பினால் சொல்லவில்லை. ஆயினும், ஆண்டுதோறும் இலை போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

முன்னோரைப் போற்றுவது தமிழரின் நெடுநாளைய நெறி. இல்லறத்தான் ஆற்ற வேண்டிய ஐந்து கடமைகளுள் தென்புலத்தாரைப் பேணுவதையே திருவள்ளுவர் முதலில் வைக்கிறார். இவ்வுணர்வு பிற சமயத்தாரிடமும் உண்டு. சீனர்கள் சிங் மிங் நாளில் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வழிபடுகின்றனர். அக்கல்லறைகள் பலவற்றில் பூர்வீக ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். நோன்புப் பெருநாளில் முஸ்லிம்கள் பலர் உறவினரின் அடக்கத் தலங்களுக்குச் சென்று பிரார்த்தனை செய்கின்றனர். சடங்கு எதுவாயினும், யாரை நினைத்து வணங்குகிறோம் என்று அறியும்போது அந்த வழிபாட்டில் உயிர் இருக்கும். ஆகவே, பெரியவர்களிடம் கேட்டறிவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே ஆகும். கேட்டதை உறவினரோடு பகிர்ந்துகொண்டால்தான் அது நிறைவு பெறும்.

பேத்தி, அத்தைப் பாட்டி சொன்னவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். வீடு திரும்பியதும் குறிப்பேட்டில் எழுதினாள். ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வாழும் உறவினர்களுக்கு அனுப்பினாள். அத்தைப் பாட்டி மறுஆண்டு தீபாவளிவரை இருக்கவில்லை. அவர் சொன்னவை குறிப்பேட்டில் இருந்தன.

அந்தத் தீபாவளிக்கு முதல் நாளும் பாட்டி இலைகளை விரித்தார். இம்முறை ஐந்து இலைகள். நான்காவது இலையின் முன் ஒரு சிறிய அட்டை இருந்தது. அதிலிருந்த பெயரைப் பேத்தி உரக்கப் படித்தாள். வீட்டார் அனைவரும் கைகூப்பினர்.