தலைகீழ் விமானமும் தண்ணீர் வாளியும்

வகுப்பு: 9, அறிவியல் – வட்ட இயக்கம்
கற்றல் விளைவு: மையநோக்கு விசையைச் செயல்பாட்டின் வழி விளக்குதல்

இரட்டை இறக்கை கொண்ட டைகர் மாத், 1931இல் இங்கிலாந்தில் முதன்முதலில் பறந்த பயிற்சி விமானம். நம் விமானப்படையின் தொடக்கக் கால விமானிகள் பலர் இதில்தான் பயின்றனர். இதன் எரிபொருள் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் உள்ளது. எரிபொருள் புவியீர்ப்பால் எஞ்சினுக்கு இறங்குகிறது. ஆகவே, தொடர்ந்து தலைகீழாகப் பறந்தால் எஞ்சின் நின்றுவிடும். செங்குத்து வட்டம் அடிக்கும்போதோ, உச்சியில் தலைகீழாக இருந்தும் எஞ்சின் ஓடுகிறது. ஏன்? இந்தக் கேள்வியோடு பாடத்தைத் தொடங்குங்கள்.

"ஏதோ விசை வெளியே தள்ளுகிறது" என்றே பல மாணவர்கள் சொல்வார்கள். இந்தத் தவறான கருத்து மேல்வகுப்பு வரை தொடரும். இங்கேயே திருத்த வேண்டும்.

செயல்பாடு
சிறு பிளாஸ்டிக் வாளியில் கால் பங்கு தண்ணீர் எடுத்து, திறந்த வெளியில் செங்குத்தாகச் சுழற்றுங்கள். மாணவர்கள் தள்ளி நிற்கட்டும். தோளிலிருந்து தண்ணீர் வரை 0.9 மீ எனில், உச்சியில் தேவைப்படும் குறைந்தபட்ச வேகம் √(10 × 0.9) = 3 மீ/வி. சீரான வேகம் எனக் கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 விநாடி. பத்துச் சுற்றுகளின் நேரத்தை மாணவர்களே அளந்து சரிபார்க்கட்டும்.

விளக்கம்
உச்சியிலும் தண்ணீரைப் புவி கீழே இழுக்கிறது. வாளியோ அதைவிட வேகமாகக் கீழ்நோக்கி வளைவதால், அதன் அடிப்பகுதி தண்ணீரை மையம் நோக்கித் தள்ளுகிறது. விமானத்தில் இந்த வேலையைச் செய்வது இறக்கையின் தூக்குவிசை. உச்சியில் அது தரையை நோக்கி இருக்கும். எரிபொருளும் வாளித் தண்ணீர் போலவே தொட்டியின் அடியில் அழுந்தி நிற்கிறது.

வெளியே தள்ளும் விசை இல்லை என்பதற்குச் சிவகாசி, சாத்தூர் மாணவர்கள் சக்கர வாணத்தைச் சொல்லக்கூடும். அதில் வாயு பீய்ச்சுவதும் சேர்வதால் குழப்பமே மிஞ்சும். கத்திக்குச் சாணை பிடிப்பதை நினைவூட்டுங்கள்: பொறி தொடுகோட்டில் பறக்கிறது. வெடிப்பொருள் எதையும் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம்.

மதிப்பீடு
1. வட்டத்தின் ஆரம் 40 மீ எனில், உச்சியில் விமானத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் என்ன? (20 மீ/வி, அதாவது மணிக்கு 72 கி.மீ.)
2. வேகம் இதைவிடக் குறைந்தால் எஞ்சினுக்கு என்ன ஆகும்? காரணம் கூறுக.