சீனர் கடை வைத்ததும் தமிழர் பால்மரம் வெட்டியதும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியா போய்த் திரும்பும் நம் ஊர்க்காரர்கள் பலர் பெட்டியில் ஒரு தீர்ப்பையும் எடுத்து வருகிறார்கள். “சீனங்க எங்கேயோ போயிட்டாங்க. நம்ம ஆளுங்க தோட்டத்துலயே கிடந்துட்டாங்க. எல்லாம் புத்திதான் காரணம்.” மலேசியத் தமிழர்களில் சிலரே கூட இதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வேதனை தருவது. இரண்டு சமூகங்கள் ஒரே நாட்டுக்குப் பிழைக்கப் போயின. ஒன்றின் வருமானம் மற்றொன்றைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை வரலாற்றின் முன் நிற்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சீனர்கள் முதலோடு வந்தார்கள், தமிழர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

உண்மை: இரு தரப்பிலும் வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கூலிகள். தென்சீனத்தின் பஞ்சத்திலிருந்தும் கலவரங்களிலிருந்தும் ஓடிவந்த சீனத் தொழிலாளி கப்பல் கட்டணத்தைக் கடனாக ஏற்றுக்கொண்டு வந்தான். அந்தக் கடன் தீரும்வரை சுரங்க முதலாளிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான். கோலாலம்பூரின் பிறப்பே இதற்குச் சாட்சி. 1857-இல் ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குள் அனுப்பப்பட்ட சீனர்கள் 87 பேர். ஒரே மாதத்தில் மலேரியாவுக்குத் தப்பி மிஞ்சியவர்கள் 18 பேர்.

அந்த நகரத்தை வளர்த்த சீனர் தலைவர் ‘கப்பித்தான்’ யாப் ஆ லோயும் ஏழையாக வந்து இறங்கியவர்தான். பெருஞ்செல்வரான லோக் யூ 13 வயதில் சிங்கப்பூருக்கு வந்து கடைச் சிப்பந்தியாகத் தொடங்கியவர். நாகப்பட்டினத்தில் ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேறிய நம் சஞ்சிக்கூலிக்கும் இவர்களுக்கும் புறப்படும்போது கையிருப்பில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. வேறுபாடு அவர்கள் நுழைந்த வாசலில் இருந்தது.

நம்பிக்கை 2: சீனர் உழைப்பாளிகள், தமிழருக்கு முன்னேறும் ஆசை குறைவு.

உண்மை: விடியலுக்கு முன்பே எழுந்து பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, இருட்டு விலகுமுன் ரப்பர்ப் பால்மரம் வெட்டத் தொடங்கிய சமூகத்தைப் பார்த்துச் சோம்பல் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. உழைப்பின் அளவை விட்டுவிட்டு, அந்த உழைப்பு எங்கே நடந்தது என்று கேட்க வேண்டும்.

சீனத் தொழிலாளி போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஈயச் சுரங்கத்துக்கு. சுரங்கத்தைச் சுற்றி ஒரு பட்டணம் முளைத்தது. பட்டணத்தில் அரிசிக்கடை, காய்கறித் தோட்டம், பன்றி வளர்ப்பு, தச்சு, தையல் என்று பத்து வேலைகள். கடன் தீர்ந்தவன் ஒரு தள்ளுவண்டி போடலாம். ஹொக்கியன், ஹக்கா, கான்டோனீஸ் என அவரவர் மொழிச் சங்கங்கள் இருந்தன. அங்கே தங்க இடம் கிடைக்கும், ஜாமீன் சொல்ல ஆள் கிடைக்கும், கைமாற்றும் கிடைக்கும். எல்லோரும் வென்றுவிடவில்லை. எத்தனையோ பேர் காசில்லாமல் செத்தார்கள். ஆனால் வெளியேற வழி என்று ஒன்று இருந்தது.

தமிழ்த் தொழிலாளி போய்ச் சேர்ந்தது ரப்பர் தோட்டத்துக்கு. அது காட்டின் நடுவே வேலி போட்ட தனி உலகம். லயம் எனும் வரிசை வீடு தோட்டத் துரையுடையது. பள்ளிக்கூடம், மருந்தகம் எல்லாம் தோட்டத்துக்கு உள்ளே. ஆள்பிடித்துக் கொண்டுவந்த கங்காணிக்கு, தன் கூட்டத்தில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்குக் காசு. தொழிலாளி வெளியேறினால் அவருக்கு நஷ்டம். ஆகவே வெளியேறாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய பிழைப்பு. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. பயணச்செலவு உதவியுடன் கூலியாட்கள் போவதை அந்த ஆண்டில் இந்திய அரசு தடுத்தபின்தான் அது ஓய்ந்தது.

தோட்ட முதலாளிகள் தமிழரைத் தேடியதற்குக் காரணம் உண்டு. சொன்ன கூலிக்குச் சொன்ன வேலை செய்யும், அடங்கி நடக்கும் ஆட்கள் வேண்டும் என்று அவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். சீனத் தொழிலாளி கூலி கூடக் கேட்பான், பிடிக்காவிட்டால் வேறிடம் போய்விடுவான் என்பது அவர்கள் கணக்கு. அடக்கத்தையே தகுதியாக வைத்து ஆளெடுத்துவிட்டு, மூன்று தலைமுறை கழித்து “இவர்களுக்குத் துணிச்சல் இல்லை” என்று சொல்வது அநியாயம்.

நம்பிக்கை 3: தமிழரைக் கள்ளு கெடுத்தது, அதனால்தான் ஏழ்மை.

உண்மை: கள்ளு பல குடும்பங்களைச் சீரழித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல தோட்டங்களில் கள்ளுக்கடையை நடத்தியதே நிர்வாகம்தான். கொடுத்த கூலியில் ஒரு பங்கு அன்று மாலையே திரும்பி வந்தது.

தொழிலாளர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. முன்னின்றவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன். கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. இன்னொன்று, சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியைத் தமிழருக்கும் தர வேண்டும் என்பது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்பது அன்று ஊரறிந்த நடைமுறை. அரசு நாதனைக் கைது செய்து நாடுகடத்தியது, படை இறங்கியது, தொழிலாளர்கள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய மக்களைக் கள்ளின் பெயரால் இகழ்வது எவ்வளவு கொடுமை!

சீனரிடையே அபினி இதைவிடக் கொடியதாக இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) அரசு வருவாயில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்து வந்தது. ஆனால் அபினி, மது, சூதாட்டம் ஆகியவற்றின் வரிக் குத்தகையை அரசு சீனப் பெருவணிகர்களுக்கே விட்டது. ஏழைச் சீனனின் மூச்சு பணக்காரச் சீனனின் முதலாகித் திரண்டது. கள்ளிலிருந்து அப்படித் தமிழர் கைக்கு முதல் வந்து சேரவில்லை. பழக்கம் இரு பக்கமும் இருந்தது. அதன் லாபம் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

நம்பிக்கை 4: தமிழ்ப் பண்பாட்டிலேயே வணிகமும் பெரும்படிப்பும் கிடையாது.

உண்மை: இதற்கு மறுப்பு மலேசியாவுக்கு உள்ளேயே இருக்கிறது. தமிழ் வணிகச் சமூகமான நகரத்தார் சீனச் சுரங்க முதலாளிக்கும் மலாய் விவசாயிக்கும் கடன் கொடுத்தவர்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஊன்றிய வேருக்கு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அடையாளம்.

இன்னும் தெளிவான சான்று யாழ்ப்பாணத் தமிழர்கள். 1816-இலிருந்து யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அங்கே ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்கு ரயில்வே எழுத்தர்களாக, நில அளவையாளர்களாக, அரசு ஊழியர்களாகப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகள் வழியே மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். பேசிய மொழி தமிழ், கும்பிட்ட சாமி முருகன். தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் அதே மொழி, அதே முருகன். பண்பாடுதான் காரணம் என்றால் இரு கூட்டமும் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

மலேசியாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராகப் பல ஆண்டுகள் இருந்த ஆனந்த கிருஷ்ணன், பிரிக்ஃபீல்ட்ஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரைக் காட்டித் தோட்டத் தமிழரைக் குறைசொல்வதும் தவறு. அவரைக் காட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்பதும் தவறு.

நம்பிக்கை 5: மலேசியச் சீனர் என்றாலே பணக்காரர்.

உண்மை: 1970-இல் தீபகற்ப மலேசியாவில் சீனக் குடும்பங்களில் 26 விழுக்காடு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. தமிழர் உள்ளிட்ட இந்தியரில் 39 விழுக்காடு, மலாய்க்காரரில் 65 விழுக்காடு. நான்கில் ஒரு சீனக் குடும்பம் ஏழை என்பது சிறிய செய்தி இல்லை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மக்களைப் பிரிக்க ஆங்கிலேய அரசு 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், மிகப் பெரும்பாலும் சீனர்கள், காட்டோரக் குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு முள்வேலி போட்ட ‘புதுக்கிராமங்களில்’ அடைக்கப்பட்டார்கள். அவர்களுடைய துயரத்தைக் கோடீஸ்வரர்களின் பெயர்ப்பட்டியல் மறைத்துவிடுகிறது.

நாட்டின் நிறுவனப் பங்குகள் அன்று யார் கையில் இருந்தன? அதே 1970-இல் அந்நியர் கையில் 63.3 விழுக்காடு, சீனரிடம் 27.2, மலாய்க்காரரிடம் 2.4, இந்தியரிடம் 1.1. ரப்பரை உருவாக்கிய கைகளுக்கு ஒன்றே சொச்சம். சீனரும் தமிழரும் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்த நாளில் பெரும்பங்கு கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது.

நம்பிக்கை 6: 1957-இல் விடுதலை வந்ததும் எல்லோருக்கும் ஒரே தொடக்கக்கோடு.

உண்மை: விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளை முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். வேலை போயிற்று, வேலையோடு சேர்ந்த வீடும் போயிற்று. இதைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளிகளின் சிறு பங்குகளைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அது ஒரு பெரும் காரியம். ஆனால் வெள்ளத்தை ஒரு கரையால் தடுக்க முடியவில்லை.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்த தோட்ட மக்கள் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. குடியுரிமையின் அருமை தெரியாமல் இருந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ் தேடி, படிவம் நிரப்பி, நகரத்து அலுவலகத்துக்கு அலைய ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். 1990-களில் நகரங்கள் தோட்டங்களை விழுங்கின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்து நிற்பது பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் மண்ணில். அங்கே தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் டிங்கில் பகுதியின் அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டன. மண்ணின் விலை பலமடங்கு ஏறியது. அதில் இவர்களுக்குப் பங்கில்லை, ஏனென்றால் வீடு ஒருநாளும் இவர்கள் பெயரில் இருந்ததில்லை. பட்டணத்தில் சிறு கடைவீடு வைத்திருந்த குடும்பத்துக்கு அதே விலையேற்றம் சொத்தாக மாறியது.

நம்பிக்கை 7: சராசரி வருமானத்தைப் பார்த்தால் போதும், நிலைமை புரிந்துவிடும்.

உண்மை: 1970-இல் தீபகற்பத்தில் சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி (மலேசிய நாணயம்), இந்தியக் குடும்பத்துக்கு 304. சீனருக்கு நூறு என்றால் இந்தியருக்கு 77. 2019-இல் நாடு முழுவதற்குமான கணக்கு 9,895-க்கு 8,216. அதாவது நூறுக்கு 83. இரண்டு கணக்கின் எல்லைகளும் வேறு என்றாலும், இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருப்பது தெரிகிறது. அது மகிழ்ச்சிதான்.

ஆனால் சராசரி என்பது மருத்துவரின் வருமானத்தையும் பாதுகாவலரின் சம்பளத்தையும் ஒரே பானையில் கொட்டிக் கிளறுவது. எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தி நட்டநடுவே நிற்கும் வீட்டைப் பார்த்தால், 2019-இல் இந்தியரின் நடுவீட்டுக்கு 5,981 வெள்ளி, சீனரின் நடுவீட்டுக்கு 7,391. இந்தியச் சராசரிக்கும் நடுவீட்டுக்கும் இடையே 2,200 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். மேலே உள்ள சில வீடுகள் சராசரியைத் தூக்கிப் பிடிக்கின்றன.

அந்த ஆண்டு பூமிபுத்ராக்களின் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும்) சராசரி 7,093. “இந்தியர் அவர்களைவிட நன்றாகத்தானே இருக்கிறார்கள்” என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. இந்தியர்கள் பெரும்பாலும் சிலாங்கூர், கோலாலம்பூர், பினாங்கு, பேராக் போன்ற மேற்குக் கரை மாநிலங்களில் வாழ்பவர்கள். அவற்றின் நகரங்களில் சம்பளமும் கூடுதல், வாடகையும் கூடுதல். பூமிபுத்ராக் கணக்கில் கிளந்தான் கிராமமும் சபாவின் உட்காடும் அடங்கும். ஒப்பிடுவதானால் ஒரே ஊரில் வாழும் வீடுகளை ஒப்பிட வேண்டும். வருமானத்தோடு, வீடு சொந்தமா என்பதையும் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் ஒரே தலைமுறையில் உயரக்கூடியது. சொத்து அப்படிச் சேர்வதில்லை.

இரண்டு சமூகங்களை அடுத்தடுத்து நிறுத்தும்போது நான் முதலில் கேட்க விரும்புவது இவற்றைத்தான்: யாரைத் தேர்ந்து கூட்டி வந்தார்கள்? வந்தவர் வெளியேற வழி இருந்ததா? உழைத்த இடத்தில் ஒரு சாண் மண்ணாவது அவர் பெயரில் ஆனதா? இவற்றுக்கு விடை தேடாமல் இனத்தின் புத்தியைக் காரணம் காட்டினால், அன்று கூலியைக் குறைத்தவர்கள் சொன்ன அதே நியாயத்தை நாமும் சொல்கிறோம்.

1941 கிள்ளான் கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ (தோட்ட எழுத்தரோ) எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதற்கே போராட வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் 2019 கணக்குப்படி சீனரின் நூறுக்கு எண்பத்துமூன்று என்ற இடத்தில் நிற்கிறார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அளப்பவர்கள், எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்து அளக்கட்டும்.