எந்த அறிவியல் நூலில் தொடங்குவது?

அன்புள்ள மலர்விழி,

வணிகவியல் படித்த உனக்கு அறிவியல் நூல்கள் பிடிபடுமா, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். நிச்சயம் பிடிபடும். ஆனால் தொடங்கும் நூலைப் பார்த்துத் தேர்ந்தெடு. பொது வாசகருக்கான அறிவியல் நூல்களில் ஒரு வகை, முடிந்த முடிவுகளை அடுக்கித் தரும்: அண்டத்தின் வயது இவ்வளவு, ஒளியின் வேகம் இவ்வளவு. இன்னொரு வகை, அந்த முடிவுக்கு எந்தச் சான்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள் என்பதை நம் கண்முன் நடத்திக் காட்டும். இந்த இரண்டாவது வகையைத்தான் நீ தேடிப் படிக்க வேண்டும். முதல் வகை நம்மை நம்பச் சொல்கிறது. இதுவோ சரிபார்க்கக் கற்றுத் தருகிறது.

நான் முதலில் கையில் கொடுப்பது மைக்கேல் ஃபாரடேயின் மெழுகுவத்தி நூலை. 1860-இல் கிறிஸ்துமஸை ஒட்டி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக அவர் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகள் 1861-இல் நூலாயின. எரிவது திரியா, மெழுகா என்பது போன்ற கேள்விகளில்தான் அவர் நம்மை நிறுத்துகிறார். சுடரின் நடுவில் கருத்துத் தெரியும் பகுதியில் ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, அதன் வழியே வரும் ஆவியை மறுமுனையில் பற்றவைக்கிறார். மெழுகு ஆவியாகித்தான் எரிகிறது என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய பாத்திரத்தைச் சுடருக்கு மேலே பிடித்தால் அதன் அடியில் தண்ணீர் சேர்கிறது. எரிந்து வரும் காற்று தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போலக் கலக்குகிறது. நாம் வெளிவிடும் மூச்சும் அதையே செய்கிறது. மெழுகுவத்தி எரிவதும் உடல் மூச்சுவிடுவதும் அடிப்படையில் ஒரே வேலை என்று கடைசிச் சொற்பொழிவில் அவர் சொல்லும்போது, அது ஒரு பெரிய மனிதர் சொன்ன வாக்காகத் தோன்றாது. நீயே வந்து சேர்ந்த முடிவாகத் தோன்றும்.

நூற்று அறுபது ஆண்டுப் பழைய நூல் எதற்கு, அறிவியல் எவ்வளவோ மாறிவிட்டதே என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு ஸ்டீவன் வெயின்பெர்க் 1977-இல் எழுதிய 'முதல் மூன்று நிமிடங்கள்' நல்ல பதில். அண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது 1998-இல்தான் தெரியவந்தது. அந்தச் செய்தி இந்த நூலில் இருக்க வழியில்லை. ஆனால் 1964-65-இல் பென்ஸியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் ஆன்டெனாவில் எந்தத் திசையிலிருந்தும் ஒரே அளவாக வந்த இரைச்சலை எப்படி எதிர்கொண்டார்கள், அது சுமார் 3 கெல்வின் வெப்பநிலைக்குரிய கதிர்வீச்சு என்பது அண்டத்தின் தொடக்கத்தைப் பற்றி ஏன் பேசுகிறது, அதே கணக்கு நிறையில் கால் பங்கு அளவுக்கு ஹீலியம் உருவாகியிருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறது என்று அவர் கட்டிய வாதம் இன்றும் நிற்கிறது. முடிவுகளை மட்டும் அடுக்கிய நூல், முடிவு மாறினால் பழசாகிவிடும். காரணத்தோடு சொன்ன நூலில் எது மாறியது, எது மாறவில்லை என்று நம்மாலேயே பிரித்தறிய முடியும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சரிபார்ப்பது வல்லுநர் வேலை, நோபல் பரிசு பெற்றவர் எழுதினால் நம்பிவிட்டுப் போவதுதானே என்பது. டேனியல் கானமன் 2002-இல் பொருளியலுக்கான நோபல் பெற்றவர். 2011-இல் வந்த அவருடைய 'வேகமாகவும் மெதுவாகவும் சிந்தித்தல்' அருமையான நூல். அதன் நான்காம் அதிகாரத்தில், முதுமையை நினைவூட்டும் சொற்களோடு சிறிது நேரம் செலவிட்ட மாணவர்கள் அதன்பின் மெதுவாக நடந்தார்கள் என்றொரு சோதனை வருகிறது. இத்தகைய முடிவுகளை நம்பாமலிருக்க வழியில்லை என்ற உறுதியோடு அவர் எழுதினார். 2012-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் நடையின் நேரத்தைத் தானியங்கிக் கருவியால் அளந்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. மிகச் சிலரை வைத்து நடந்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-இல் கானமனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் நேர்மையை நான் மதிக்கிறேன். அதற்காக நூலை ஒதுக்கவும் சொல்லமாட்டேன். எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள், வேறு யாரும் திரும்பச் செய்து பார்த்தார்களா என்று கேட்டுக்கொண்டே படித்தால், வல்லுநராக இல்லாத ஒருவருக்கும் அந்த அதிகாரம் சற்று ஆட்டம் காண்பது தெரியும். கணக்கு வழக்கு படித்தவளுக்கு இந்தக் கேள்விகள் புதியவையும் அல்ல.

ஆங்கிலம் தடையாகத் தோன்றினால் தமிழிலும் வழி இருக்கிறது. யாகோவ் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழில் வந்திருக்கிறது. பழைய புத்தகக் கடைகளில் தேடு. தெரிந்ததாக நாம் நினைக்கும் விஷயத்திலிருந்தே கேள்வியைக் கிளப்பி, நம்மை யோசிக்க விட்டுப் பிறகு விடைக்கு வருவார். வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுக்கத் தமிழில் அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமியின் கட்டுரைகளையும் விட்டுவிடாதே. செய்திகள் சில பழையவைதான், விளக்கும் பொறுமை பழசாகவில்லை.

ஃபாரடே நூலின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, காசில்லாமலே கிடைக்கும். அடுத்து வெயின்பெர்க். கணிதத்தைப் பின்னிணைப்பாகத் தனியே வைத்திருக்கிறார், அதைத் தயங்காமல் தாண்டிப் போ. அந்தக் கதிர்வீச்சை முன்பே யாரும் ஏன் முறையாகத் தேடவில்லை என்ற கேள்வியை ஆறாம் அதிகாரத்தில் எழுப்புகிறார். அவர் சொல்லும் காரணங்கள் உனக்குப் போதுமானவையாகப் படுகின்றனவா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா