பரங்கிமலையிலிருந்து எவரெஸ்ட் வரை

பத்தாம் வகுப்பு மாணவி

"மலையளவு" என்று பேச்சில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மலையையே அளப்பது எப்படி? உச்சியிலிருந்து கயிறு விட்டுப் பார்க்க முடியுமா? இதற்கு விடை தேடி நாம் இமயம் வரை போகவேண்டியதில்லை, தோழியரே! பூந்தமல்லியில் பஸ் ஏறினால் போரூர், நந்தம்பாக்கம் தாண்டிப் பரங்கிமலை வந்துவிடுகின்றது.

சுமார் 300 அடி உயரமே உள்ள குன்று அது. புனித தோமையார் இரத்தம் சிந்திய இடம் என்பது நம் மரபு. உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் இருக்கின்றது. விடுமுறை நாளொன்றில் நானும் என் தோழியும் படியேறிச் சென்றோம். செபம் முடித்து வெளியே வந்தால், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயரின் மார்பளவுச் சிலை! "ஆலய வளாகத்தில் இவருக்கு என்னடி வேலை?" என்றாள் அவள். நியாயமான கேள்விதான்.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள், இம்மலைக்கு அருகிலுள்ள சமவெளியில்தான் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். கருவி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை அப்படியே தரையில் போட்டு இழுத்துவிடவில்லை. வெயிலில் எஃகு நீளும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோமே! ஆகவே மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மூடி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். ஏறக்குறைய ஏழரை மைல் தூரம். அதாவது சங்கிலியைச் சுமார் 400 முறை எடுத்து வைக்கவேண்டும். அதுவும் சென்னையின் சித்திரை வெயிலில்! பெட்டி சுமந்த நம் நாட்டுத் தொழிலாளரை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. சிலை ஒருவருக்குத்தானே.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்ட பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி போதும். பார்வைக்கு உயரம் வேண்டுமென்று 1808-இல் அரை டன் எடையுள்ள அக்கருவியைத் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்ற, கயிறு அறுந்து கருவி சேதமானதும் உண்டு.

1823-இல் லாம்ப்டன் மறைந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். முக்கோணங்கள் இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டன. நேபாளத்துக்குள் நுழைய அனுமதியில்லை. எனவே நூறு மைலுக்கும் அப்பால் நின்று "15-ஆம் சிகரம்" என்று பெயரிட்ட முடியின் ஏற்றக்கோணத்தை அளந்தார்கள். அதுவே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டுக் கண்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் அறிவித்தது 8,848.86 மீட்டர். வித்தியாசம் 30 அடிதான்! சிகரத்துக்கோ, தம் பெயர் வேண்டாமென்ற எவரெஸ்டின் பெயரையே வைத்தார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். வடிவியல் பெட்டியிலுள்ள 45° மூலைமட்டத்தின் அடிப்பக்கத்தைத் தரைக்கு இணையாகக் கண்ணருகே பிடியுங்கள். சாய்ந்த விளிம்பின் வழியே கொடிமரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நகருங்கள். நின்ற இடத்திலிருந்து மரத்தடி வரை அளந்து, உங்கள் கண்ணின் உயரத்தையும் கூட்டுங்கள். கொடிமரத்தின் உயரம் அதுதான். ஏனென்றால் 45 பாகையின் டேன்ஜெண்ட் மதிப்பு 1.