கயிறு தாண்டலும் கலோரிக் கணக்கும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் நம் பெரியோர். அந்தச் சுவரைக் காப்பது உணவு மட்டுமன்று, உடற்பயிற்சியும் ஆகும்.

பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "இன்னும் சின்னப் பிள்ளையா? குதித்தது போதும், கணக்குப் போடு" என்று எங்களில் பலரை வீட்டில் கண்டிக்கிறார்கள். ஆகவே கணக்கைக் கொண்டே பதில் கூற விரும்புகிறோம்.

உடல் செலவிடும் ஆற்றலைக் கிலோ கலோரியில் அளப்பர். உடல் ஒரு லிட்டர் பிராண வாயுவைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கிலோ கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்குச் சுமார் 1 கிலோ கலோரி செலவாகிறது. உட்கார்ந்தபடி கைவேலை செய்தால் இது ஒன்றரை மடங்கு. கயிறு தாண்டினால் ஏறத்தாழப் பத்து மடங்கு!

55 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தால் சுமார் 82 கிலோ கலோரி செலவாகும். பத்து நிமிடம் கயிறு தாண்டினாலோ சுமார் 92.

எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் சிவகாசிப் பக்கம் சரவெடி பின்னுகிறார். இக்கணக்கைக் காட்டியதும் அவர், "அப்ப நான் உழைக்கவே இல்லைங்கிறியா?" என்று கேட்டார். நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம். பிறகு சிந்தித்தோம். அம்மாவின் களைப்பு உண்மையே. நாள் முழுதும் குனிந்திருப்பதால் முதுகும் கழுத்தும் தோளும் இறுகி நோகின்றன. ஆனால் இதயமும் நுரையீரலும் விரைந்து இயங்க அவ்வேலையில் வாய்ப்பில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பின் மதிப்பைக் கலோரி அளக்காது.

இக்காலத்தில் பெருநகரப் பெண்கள் சிலர், அடியில் வில் பொருத்திய காலணி அணிந்து, இசைக்கேற்பக் கூட்டமாகக் குதிக்கிறார்கள். தரையில் மோதும் அதிர்ச்சியில் ஒரு பகுதியை அந்த வில் வாங்கிக்கொள்கிறது. நமக்கு அந்தக் காலணி வேண்டியதில்லை. மண் தரையில் தாழக் குதித்து, முன்பாதத்தில் இறங்கி, முழங்காலைச் சற்றே மடக்கினால் நம் தசைகளே வில்லாகிவிடும். மூட்டுவலி உள்ளவர்களுக்குக் குதித்தல் வேண்டாம். வேக நடை போதும்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

இப்போது ஞாயிறு மாலைகளில் அந்தத் தாயார் எங்களுக்காகக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றுகிறார். சென்ற வாரம், "நகருங்கடி, நானும் ரெண்டு தாண்டு தாண்டுறேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கச் சிரித்தார்.

தோழியரே! புத்தகத்தோடு கயிற்றையும் கையில் எடுப்போம். நம் அம்மாக்களையும் ஆட்டத்திற்கு அழைப்போம்!