பிசின் வார்த்த உணவு மேசை

மரப்பலகை இரண்டின் நடுவே எப்பாக்ஸி பிசினை ஊற்றி, ஆறு ஓடுவதுபோல் அமைக்கும் உணவு மேசைக்கு இந்நாளில் கிராக்கி உண்டு. தோட்டத்து வாகையை அறுத்து இத்தொழிலில் இறங்க எண்ணும் அங்கத்தினர்கள் முதற்கண் ஈரத்தைக் கவனிக்க வேண்டுகிறோம்.

நாம் பார்வையிட்ட ஒரு பட்டறையில், அறுத்து நான்கு மாதமே ஆன பலகையில் பிசின் வார்த்திருந்தனர். கோடையில் மரம் சுருங்கிப் பிசினைவிட்டு விலகிற்று. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. 2 அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் காற்றாட உலர ஏறக்குறைய இரண்டாண்டு பிடிக்கும். ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழ் காட்டிய பின்னரே வார்த்தல் நலம்.

அதன் பின்னும் மரம் அசையாதிருப்பதில்லை. நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். நார் ஓடும் திசையைப் பாவு என்று கொண்டால், அத்திசையில் மாறுதல் மிகச் சொற்பம். ஊடைத் திசையிலோ மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். ஆகையால் கால்களை இறுகப் பிணைக்காது, திருகாணித் துளைகளை மேசையின் அகலவாக்கில் நீட்டி இடுக.

இடைவெளி 180 செ.மீ. நீளமும், சராசரி 15 செ.மீ. அகலமும், 4 செ.மீ. கனமுமாயின் 10,800 கன செ.மீ. ஆகும், ஏறத்தாழ 12 கிலோ பிசின். இதைக் கணக்கிடாமல் விலை பேசியவர் நஷ்டப்படுவது திண்ணம். இறுகும்போது பிசின் சூடேறும். ஒரேயடியாகக் கனமாக ஊற்றினால் விரிசல் விடும். டப்பாவில் குறித்த கனத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காக வார்க்க. பட்டையை முன்னரே உரித்து, விளிம்பில் மெல்லிய முதற்பூச்சு தடவினால் குமிழி குறையும்.

வாங்குவோரிடம் மறைக்கலாகாத ஒன்றுண்டு: அடுப்பினின்று இறக்கிய பாத்திரத்தை வைத்தால் பிசின் இளகித் தடம் விழும். இதை ஒப்பந்தச் சீட்டிலேயே எழுதிவிடுக.