பேஸ் கிட்டார் தேர்வுக்கு எந்தப் பாட்டை எடுப்பது? முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி வைத்தால், பிள்ளைகள் கூட்டம் பாடகர் நிற்கும் இடத்தில்தான் மொய்க்கும். ஒரே ஒரு பிள்ளை மட்டும் ஓரத்து ஸ்பீக்கர் பெட்டியருகே நின்று, நெஞ்சுக்குள் ‘தும் தும்’ என்று அதிர்வதை அனுபவித்துக்கொண்டிருக்கும். பின்னாளில் பேஸ் கிட்டார் கற்க வருவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

அப்படி ஒருவன், பிச்சாவரம் சாலையிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்க வருகிறவன், போன வருஷம் அப்பாவோடு என்னிடம் வந்தான். “சார், பரீட்சைக்கு எந்தப் பாட்டுன்னு நீங்களே சொல்லிடுங்க. எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?” என்றார் அப்பா. பெயர்களைச் சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுப்பதே பாதித் தேர்வு. கேட்கப் பிடித்த பாட்டு வேறு, வாசித்துக் காட்டத் தகுந்த பாட்டு வேறு. அந்த வித்தியாசம் பையனுக்குப் பிடிபடாமல் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து என்ன பயன்?

முதல் படி: எந்தத் தேர்வு என்று பாருங்கள்

நம் ஊரில் பேஸ் கிட்டாருக்குப் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ‘ராக் அண்ட் பாப்’ தேர்வு. இனிஷியல் தொடங்கி எட்டாம் கிரேடு வரை உண்டு. மூன்று பாட்டு வாசிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் தலா 25 மதிப்பெண், நுட்பத்தைச் சோதிக்கும் மூன்றாவது பாட்டுக்கு 30, கேட்டதைத் திருப்பி வாசிப்பது அல்லது கற்பனையாக வாசிப்பதற்கு 20. தேற 60 வேண்டும். 75 வந்தால் மெரிட், 87 வந்தால் டிஸ்டிங்ஷன். ஆக, நூற்றில் எண்பது மதிப்பெண் நீங்கள் எடுக்கும் மூன்று பாட்டுகளில் இருக்கிறது. ராக்ஸ்கூல் தேர்வானால் மூன்று பாட்டுக்கும் சேர்த்து 60; மீதி நுட்பப் பயிற்சி, பார்த்து வாசித்தல், காதுப் பயிற்சி என்று பிரியும்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐஜிசிஎஸ்இ இசைப் பாடம் எடுத்தவர்கள் ஒன்று தனியாகவும் ஒன்று குழுவோடும் வாசிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் தன் இடது கையால் உங்கள் பேஸ் வரியையே கூடவே வாசித்தால், தேர்வாளர் உங்களைத் தனியாகக் கேட்க முடியாது. அந்த இடது கையைக் கொஞ்சம் கட்டிப்போடச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பேஸ் பேசுகிற பாட்டா?

சறுக்குவது இங்கேதான். பாட்டு பிரமாதமாக இருக்கும். அதில் பேஸ் என்ன செய்கிறது என்று பார்த்தால், கார்டு மாறும்போதெல்லாம் ரூட் நோட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பாடகர் இல்லாமல், பேஸை மட்டும் ஓர் அறையில் மூன்று நிமிஷம் கேட்டால் தேர்வாளருக்குக் கொட்டாவி வராதா?

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மொபைல் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். பேஸின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த அடிச் சத்தத்தை எழுப்பத் திராணி கிடையாது. நல்ல ஹெட்போனில், கண்ணை மூடி, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பிடியுங்கள். நாலு முறை கேட்டபின் அந்த வரியை உங்களால் முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால் அது பேஸ் பேசுகிற பாட்டு. முணுமுணுக்க ஒன்றுமே சிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள்.

இந்தச் சோதனைக்கு நம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’, ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ இரண்டையும் பேஸுக்காக மட்டும் கேட்டுப் பாருங்கள். மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு நடந்துகொண்டிருக்கும். இளையராஜா பேஸை முட்டுக்கொடுக்கும் கம்பமாக வைக்காமல் இரண்டாவது பாடகராக வைத்தவர். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் பாட்டுப் புத்தகங்களில் வராவிட்டாலும் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்னொன்று: இளையராஜாவும் டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதித் தேறியவர்தான்.

மேற்கத்தியப் பாட்டுகளில் சில தீர்ப்புகளைச் சொல்லிவிடுகிறேன். பென் இ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’ (1961): பாட்டு முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். புதியவருக்கு அருமையான பாட்டு. விரலுக்குச் சுலபம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே உருண்டைத் தொனி வருகிறதா என்று பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும். குயீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ (1980): ஜான் டீக்கன் எழுதியது. இதில் சுரங்களைவிட இடைவெளிதான் கடினம். தந்தியை நேரத்துக்கு அடக்கத் தெரியாதவன் தொடக்கூடாது. மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’: நிற்காமல் ஓடும் வரி, கடைசி நிமிஷத்தில் கை வலிக்கும், வேகம் தளரும். ‘செவன் நேஷன் ஆர்மி’யை (2003) எல்லாப் பையன்களும் கேட்டு வருகிறார்கள். அதன் புகழ்பெற்ற ஏழு சுர வரி உண்மையில் பேஸ் கிட்டாரே இல்லை. சாதாரண கிட்டாரை ஒரு பெடல் மூலம் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்தது. வாசிக்க எளிது, மதிப்பெண் வாங்கக் கடினம். நான் பரிந்துரைப்பதில்லை.

பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ (1973) மேல் எனக்குத் தனிப் பிரியம். ஏழு எண்ணிக்கையில் ஓடும். கிட்டார் சோலோ வரும்போது நாலுக்கு மாறும். வெளிநாட்டுப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணித் தவிக்கிற இடத்தில், மிஸ்ர சாப்பு கேட்டு வளர்ந்த சிதம்பரத்துப் பிள்ளை ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே போய்விடும். மிருதங்கம் கற்றவர்கள் வீட்டில் இருந்தால் உட்கார வைத்துத் தாளம் போடச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கைக்கு எட்டுமா?

வழக்கமான பேஸில் தந்தி நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட் கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் இடையே ஐந்து அங்குலத்துக்கு மேல் வரும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது விரல் கிழிகிற தூரம். 30 அங்குல பேஸில் அதே தூரம் நாலரை அங்குலம்தான். கருவியை மாற்ற வசதியில்லை என்றால் பாட்டை மாற்றுங்கள்: முதல் ஃப்ரெட்டிலேயே அதிகம் வேலை வைக்காத, திறந்த தந்திகள் வரும், ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசிக்க முடிகிற பாட்டு. கை சின்னது என்று பெண் பிள்ளைகளைக் கருவியை விட்டே விலக்குகிறவர்கள், ஏ.ஆர். ரஹ்மானின் மேடைகளில் வாசித்த மோகினி டேயின் ஒரு காணொலியைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நான்காம் படி: மூன்றும் ஒரே மாதிரி வேண்டாம்

ஒன்று நிதானமாக, சுரத்தை நீட்டிப் பிடிப்பதாக. ஒன்று துள்ளலாக, இடைவெளிகளோடு. ஒன்று விரலின் திறமையைக் காட்டுவதாக. ஸ்லாப் நன்றாக வருகிறது என்பதற்காக மூன்றிலும் ஸ்லாப் வைத்தால், மற்றதெல்லாம் வராது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

ஐந்தாம் படி: தமிழ்ப் பாட்டு எடுக்கலாமா?

எடுக்கலாம். டிரினிட்டியில் ஒரு பாட்டை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். நீங்கள் எழுதிய பாட்டாகக்கூட இருக்கலாம். நுட்பப் பாட்டு மட்டும் அவர்கள் புத்தகத்திலிருந்துதான். ஆனால் சினிமாப் பாட்டு என்றால் வேலை கூடுதல்.

முதலில் அளவு. பல்லவி, ஒரு இண்டர்லூட், ஒரு சரணம், மறுபடி பல்லவி போதும். இரண்டாம் சரணம் முதல் சரணத்தின் நகலாகத்தான் இருக்கும். அடுத்து நொட்டேஷன். தேவாலயக் குழுவில் காதால் பிடித்தே வாசித்துப் பழகியவர்கள் இதில்தான் திணறுவார்கள். பேஸ் நொட்டேஷனில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் சத்தம் வரும் என்பதை எழுதும்போது மறக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் டாப்களை அப்படியே நம்ப வேண்டாம். பழைய பாட்டுகளுக்கு அவை பாதி ஊகம். பிறகு பேக்கிங் ட்ராக்: அதில் பேஸ் இருக்கக் கூடாது. கரோக்கே ட்ராக்கில் குரலைத்தான் எடுத்திருப்பார்கள், பேஸ் அப்படியே ஒலிக்கும். ஒரு மாணவி அதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் பயிற்சி செய்தாள். ட்ராக்கிலிருந்த பேஸ்தான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அதை நீக்கிய அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. தவறு என்னுடையதும்தான்.

உங்கள் கிரேடுக்கு எத்தனை நிமிஷம், எந்த அளவு கடினம் என்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது. வரி அதைவிட எளிதாக இருந்தால் இண்டர்லூட்டில் பேஸுக்கு நாலு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஆறாம் படி: ஏழு நாள் சோதனை

பாட்டை முடிவுசெய்து படிவத்தில் எழுதுமுன் ஒரு வாரம் அதோடு வாழ்ந்து பாருங்கள். முதல் மூன்று நாள் பாதி வேகத்தில், மெட்ரோனோமோடு. நாலாம் நாள் மெட்ரோனோமை இரண்டாம், நாலாம் எண்ணிக்கையில் மட்டும் அடிக்க விடுங்கள். லயம் எங்கே ஓடுகிறது என்பது உடனே தெரியும். ஐந்தாம், ஆறாம் நாள் முழு வேகம். ஏழாம் நாள் பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, களைத்துப் போய் வந்த ராத்திரியில் ஒரே ஒரு தடவை வாசித்துப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பதிவு கேட்கிற மாதிரி இருந்தால் பாட்டை வைத்துக்கொள்ளலாம். நல்ல நாளில் மட்டும் வருகிற பாட்டு, தேர்வு நாளில் வராது.

மழையும் உப்புக்காற்றும்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. நவம்பர், டிசம்பரில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அது புயல் பருவம். 2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ வந்து போனபின் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, ஆம்ப் இல்லை என்றால், பேஸின் மேல்கொம்பை மர அலமாரியிலோ கதவிலோ சாய்த்து அழுத்தி வாசியுங்கள். மரமே ஆம்ப் ஆகிவிடும். கடலோர ஊர்களில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். புதுத் தந்தியைத் தேர்வுக்கு முதல் நாள் மாட்டாதீர்கள், சுதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள். பேட்டரி போடுகிற பேஸ் என்றால் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.

தேர்வை வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்பும் முறையும் இருக்கிறது. சென்னை வரை போய்வர முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் மொபைலைத் தூரத்தில் வைத்து எடுத்தால் பேக்கிங் ட்ராக் மட்டும் கேட்கும், பேஸ் கேட்காது. ஆம்ப் அருகே வைத்து ஒரு முறை எடுத்து, ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

அப்பாவோடு வந்த அந்த மாணவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ‘ஸ்டாண்ட் பை மீ’யோடு தொடங்கினான்; சினிமாப் பாட்டு அடுத்த கிரேடுக்கு என்று ஒத்திவைத்தோம். நீங்களும் தேர்வுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்கும்போதே பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, இந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.